காப்புரிமை விதி மாறியது: உங்கள் விண்ணப்பத்துக்கு எந்தக் கணக்கு?

திருவொற்றியூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து லேத் பட்டறைகளில் பேட்டன்ட் பேச்சு வந்தால் ஒரு குழப்பம் கூடவே வருகிறது. விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க 4 வருஷம் அவகாசம் இருக்கிறது என்கிறார் ஒருவர். இரண்டரை வருஷம்தான் என்று அடித்துச் சொல்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி. யாருடைய விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது என்பதில்தான் வித்தியாசம்.

2024 மார்ச் 15 அன்று காப்புரிமைத் திருத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. தன் விண்ணப்பம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று தெரியாதவர், நல்ல கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டே உரிமையை இழக்கக்கூடும்.

முதலில் சில சொற்கள்

காப்புரிமை என்றால் பேட்டன்ட். புத்தகத்துக்கும் பாட்டுக்கும் உரிய பதிப்புரிமை வேறு, கடைப் பெயருக்கும் லோகோவுக்கும் உரிய வணிகக்குறி வேறு. புதிய பொருளையோ செய்முறையையோ உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவர் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமைதான் காப்புரிமை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். இந்தியாவில் வாங்கியது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காசிமேட்டு விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் இருக்கிறது. கடலடியில் வலை பாறையில் மாட்டினால் இழுவிசை ஏறி இரும்பு ரோப் அறுந்து ஆள்மேல் பாயும். குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் தானாக வழுக்கிவிடும் கிளட்ச் ஒன்றை ஒரு பட்டறைக்காரர் செய்கிறார். அவர் கொடுக்க வேண்டிய எழுத்து இரண்டு பகுதியாக இருக்கும்.

1. விவரக்குறிப்பு. அந்த கிளட்சை இன்னொரு தேர்ந்த ஃபிட்டர் படித்துப் பார்த்துச் செய்யும் அளவுக்கு முழு விளக்கமும் வரைபடமும். தெரிந்தவற்றில் சிறந்த முறையை மறைக்கக் கூடாது.
2. உரிமைக்கோரல். அந்த விளக்கத்தில் எந்தப் பகுதி தன்னுடையது என்று எல்லை கட்டும் வாக்கியங்கள். வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதைப் போன்றது. எல்லைக்கு வெளியே இருப்பது, விளக்கத்தில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், உங்களுடையதாகாது.

கண்டுபிடிப்பு இன்னும் முழுவடிவம் பெறவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அப்படிப் பிடித்த முதல் தேதிக்கு முன்னுரிமைத் தேதி என்று பெயர். கீழே வரும் கணக்குகளில் பல இந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன.

சட்டம் ஒன்று, விதி ஒன்று, மேசை வழக்கம் ஒன்று

இன்றைய சட்டம் 1970-ஆம் ஆண்டுடையது. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. 1999, 2002, 2005 ஆண்டுகளில் பெரிய திருத்தங்கள் நடந்தன. இதைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும்.

அதற்குக் கீழே 2003-ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகள். சட்டத்தின் 159-ஆம் பிரிவு கொடுத்த அதிகாரத்தில் மத்திய அரசு இவற்றை எழுதுகிறது. பரிசோதனைக்குக் கோரிக்கை வைக்க வேண்டும் என்று சொல்வது சட்டத்தின் 11பி பிரிவு. எத்தனை மாதத்துக்குள் என்று அது சொல்வதில்லை. ‘வகுக்கப்பட்ட காலத்துக்குள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த எண்ணைச் சொல்வது 24பி விதி. 48 மாதம் என்பது 31 மாதம் ஆனபோது நாடாளுமன்றத்தில் எந்த வாக்கெடுப்பும் நடக்காததற்குக் காரணம் இதுதான். வரைவு 2023 ஆகஸ்டில் அரசிதழில் வெளிவந்தது, ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுக்கப்பட்டது, 2024 மார்ச்சில் இறுதி விதி வந்துவிட்டது. அந்த 30 நாளில் பெரிய நிறுவனங்களும் வழக்கறிஞர் அமைப்புகளும் கருத்து எழுத முடிகிறது. மணலி ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைக்கு அரசிதழ் வந்ததே தெரிவதில்லை. வரைவைத் தமிழிலும் வெளியிட்டுத் தொழிற்பேட்டைகளில் ஒட்டினால் இந்தக் குறை பாதி தீரும்.

மூன்றாவது அடுக்கு அலுவலகத்தின் நடைமுறை. விதி வெளியான அன்றே படிவங்கள் மாற வேண்டும், இணையதளத்தில் கட்டணக் கணக்கு மாற வேண்டும், எந்த விண்ணப்பத்துக்கு எந்த விதி என்று அறிவிப்பு போட வேண்டும், பரிசோதகர்களுக்கான கையேடு திருந்த வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பு காப்புரிமைக் கட்டுப்பாட்டுத் தலைவருடையது. தலைமையகம் கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னையில் மற்ற அலுவலகங்கள். கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் அடக்கம். இங்கே கொடுத்த விண்ணப்பத்தை இங்கிருப்பவரே பார்ப்பார் என்று எண்ண வேண்டாம். துறை வாரியாகக் கணினி பிரித்து அனுப்புவதால் வின்ச் கிளட்ச் கொல்கத்தாவில் இருக்கும் பரிசோதகரின் மேசைக்கும் போகலாம்.

பத்து நாள் தாமதம், ஒன்றரை வருட வித்தியாசம்

புதிய விதியில் பட்டறைக்காரரை நேராகத் தொடுவது பரிசோதனைக் கோரிக்கையின் காலம். விண்ணப்பம் கொடுத்தாலே அலுவலகம் பரிசோதிக்கத் தொடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தொடங்காது. படிவம் 18-ஐக் கட்டணத்துடன் தனியாகக் கொடுத்தால்தான் கோப்பு நகரும்.

2024 மார்ச் 15-க்கு முன் பதிவானவற்றுக்கு 48 மாதம் தொடர்கிறது. விதியிலேயே அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். அன்றும் அதற்குப் பிறகும் பதிவானவற்றுக்கு 31 மாதம். இரண்டிலும் முன்னுரிமைத் தேதி, விண்ணப்பத் தேதி இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும்.

1. 2024 மார்ச் 10-இல் விண்ணப்பித்தவருக்குக் கடைசி நாள் 2028 மார்ச் 10.
2. அதே ஆண்டு மார்ச் 20-இல் விண்ணப்பித்தவருக்குக் கடைசி நாள் 2026 அக்டோபர் 20.
3. 2025 ஜனவரி 10-இல் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து, 2026 ஜனவரி 10-இல் முழு விவரக்குறிப்பு கொடுத்தவருக்கு 2027 ஆகஸ்ட் 10.

மூன்றாவது ஆளைக் கவனியுங்கள். முழு விவரக்குறிப்பு கொடுத்த நாளிலிருந்து 31 மாதம் என்று எண்ணினால் 2028 ஆகஸ்ட் வரை அவகாசம் இருப்பதுபோல் தோன்றும். அந்த எண்ணம் ஒரு முழு ஆண்டு தவறு. தற்காலிக விவரக்குறிப்பில் கழிந்த 12 மாதமும் கணக்கில் சேரும். கையில் மிச்சம் 19 மாதம்தான்.

நாள் தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். புதிய 138-ஆம் விதியில் 6 மாதம் வரை நீட்டிப்போ தாமத மன்னிப்போ கேட்க வழி இருக்கிறது. படிவம் 4, மாதக்கணக்கில் கட்டணம். கொடுப்பதா வேண்டாமா என்பது கோப்பைத் தீர்மானிக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளரின் முடிவு. அதை நம்பி நாளைத் தள்ளிப்போடுவது கைக்காசுக்கும் கண்டுபிடிப்புக்கும் ஆபத்து.

காலத்தைக் குறைத்ததற்கு நியாயமான காரணம் உண்டு. நான்கு வருடம் முடிவு தெரியாத நிலையில் ஒரு விண்ணப்பம் கிடந்தால், அதே துறையில் தொழில் செய்கிறவர் தான் செய்வது நாளை இன்னொருவர் உரிமைக்குள் விழுமா என்று தெரியாமல் முதலீடு செய்ய வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பம் இந்தியாவுக்குள் நுழையும் கெடுவும் 31 மாதம்தான்; இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்பது அலுவலகத்துக்கு வசதி. பாரம் விழுவது சிறியவர்மேல். விண்ணப்பித்துவிட்டு, பொருள் விற்கிறதா என்று பார்த்து, லாபம் வந்த பிறகு பரிசோதனைக்குப் பணம் கட்டுவது சிறு தொழிலின் இயல்பான நிதானம். அந்த நிதானத்தில் 17 மாதத்தை விதி எடுத்துக்கொண்டது.

எவ்வளவு செலவாகும்

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஒரு விகிதம். மற்றவர்களுக்கு அதைப்போல் 5 மடங்கு. இணையவழியில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவருக்கு 8,000. இதில் 30 பக்கமும் 10 உரிமைக்கோரலும் அடக்கம். அதற்கு மேல் பக்கத்துக்கு 160, உரிமைக்கோரலுக்கு 320. பரிசோதனைக் கோரிக்கை 4,000. காகிதமாக நேரில் கொடுத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதல்.

36 பக்கம், 14 உரிமைக்கோரல் உள்ள விண்ணப்பம் என்றால்: 1,600 + 960 + 1,280 = 3,840. பரிசோதனையும் சேர்த்து 7,840 ரூபாய். இதே விண்ணப்பம் பெரிய நிறுவனத்தின் பெயரில் போனால் 39,200. இவை அரசுக் கட்டணம் மட்டுமே. எழுதித் தரும் முகவரின் ஊதியம் தனி, அதுவே பெரும்பாலும் இதைவிட அதிகம். முகவரை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, விண்ணப்பதாரரே எழுதலாம், விசாரணைக்கும் வரலாம். ஆனால் உரிமைக்கோரல் எழுதுவது பழக்கம் வேண்டிய வேலை.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. பட்டறை பங்குதாரர் நிறுவனமாக இருந்தால் சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழுடன் படிவம் 28 கொடுத்தால்தான் சிறு நிறுவன விகிதம் கிடைக்கும். மறந்தால் 5 மடங்கு. தனிநபருக்குப் படிவம் 28 வேண்டாம். இரண்டாவது, பாகம் வாங்கும் பெரிய கம்பெனிக்கு விண்ணப்பத்தின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டால் கட்டண வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். எண்ணூர், திருவொற்றியூர் வாகன ஆலைகளைச் சுற்றி இருக்கும் சப்ளையர்கள் ஒப்பந்தம் போடும்போதே அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

கோப்பு எப்படி நகர்கிறது

1. 18 மாதம் முடிந்ததும் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை தோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியாகும். முன்னதாக வெளியாக வேண்டுமானால் படிவம் 9, கட்டணம் 2,500; ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும்.
2. வெளியீடும் பரிசோதனைக் கோரிக்கையும் இரண்டும் நடந்த பிறகே கோப்பு பரிசோதகரிடம் போகும். அவர் உலகம் முழுக்க உள்ள பழைய காப்புரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடுவார்.
3. பிறகு முதல் பரிசோதனை அறிக்கை வரும். அதில் ஆட்சேபங்கள் இருக்கும். அநேகமாக எல்லாருக்கும் ஆட்சேபம் வரும். அது நிராகரிப்பு இல்லை, பயப்பட வேண்டாம்.
4. அறிக்கை தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் எல்லா ஆட்சேபத்துக்கும் பதில் கொடுக்க வேண்டும். அந்த 6 மாதம் முடிவதற்குள் படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும்.
5. பதில் போதவில்லை என்றால் விசாரணை, பெரும்பாலும் காணொளி வழியே. அது முடிந்த 15 நாளுக்குள் எழுத்துமூல வாதம் கொடுக்க வேண்டும்.

அறிக்கை மின்னஞ்சலில்தான் வரும். பிரவுசிங் சென்டர்க்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்து கொடுத்திருந்தால் அறிக்கை வந்ததே உங்களுக்குத் தெரியாது. 6 மாதம் ஓடிவிடும், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கிண்டியிலிருந்து யாரும் தொலைபேசியில் கூப்பிட மாட்டார்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்ப்பதை வாடகை கட்டும் நாளோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அவசரமாக வேண்டும் என்போருக்குத் துரிதப் பரிசோதனை இருக்கிறது: படிவம் 18ஏ, 8,000 ரூபாய். எல்லாருக்கும் அது கிடையாது. ஆண் ஒருவர் தனிநபராக மட்டும் விண்ணப்பித்தால் தகுதி இல்லை. சிறு நிறுவனமாகவோ ஸ்டார்ட்அப்பாகவோ விண்ணப்பித்தால் உண்டு. விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து அவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தாலும் உண்டு.

விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது 9-ஆம் விதி. ஐந்து தென்மாநிலங்களுக்குப் பொதுவான அலுவலகத்தில் அந்த மாநிலங்களின் எந்த மொழியிலும் கண்டுபிடிப்பை எழுதித் தர முடியாது என்பது உண்மையான அநீதி. இரும்பைத் தெரிந்தவர் ஒருவர், ஆங்கிலம் தெரிந்தவர் இன்னொருவர் என்று ஆகும்போது கைமாறும் இடத்தில் நுணுக்கம் கழன்றுவிடுகிறது. அதனால் முகவர் எழுதிய உரிமைக்கோரலை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சுருள்வில்’ என்று எழுதிவிட்டால், நாளை ஒருவர் ரப்பர் புஷ் வைத்து அதே கிளட்சைச் செய்வார். அவரைத் தடுப்பது கடினமாகிவிடும்.

விண்ணப்பிக்கும் முன்பே தோற்பது

பல சிறு கண்டுபிடிப்புகள் அலுவலகத்தில் தோற்பதில்லை. அதற்கு முன்பே, துறைமுகத்திலோ கைப்பேசியிலோ தோற்றுவிடுகின்றன. விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கேனும் வெளியிடப்பட்டதோ இந்தியாவில் பொதுவில் பயன்பட்டதோ புதுமை ஆகாது. வெளியிட்டது நீங்களே என்றாலும் அதே கதிதான். கிளட்ச் ஓடுவதை வீடியோ எடுத்து மீனவர் வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ போட்டால் அது வெளியீடு. பத்து படகுக்கு விற்றுவிட்டு, நன்றாகப் போகிறது என்று தெரிந்த பின் விண்ணப்பித்தால் அந்த விற்பனையே உங்களுக்கு எதிரான சாட்சி.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் வின்சை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி வரும். சட்டத்தின் 32-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நீங்களோ உங்கள் சம்மதத்துடன் மற்றவரோ, முன்னுரிமைத் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள், நியாயமான சோதனைக்காக மட்டும், பொதுவில் செய்தே ஆக வேண்டிய தன்மையுள்ள கண்டுபிடிப்பைப் பொதுவில் இயக்கிப் பார்த்தால் அதனால் புதுமை கெடாது. ‘சோதனைக்காக மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காசு வாங்கிய கணத்தில் அது சோதனை என்று சொல்வது கஷ்டம். எந்தப் படகு, எந்தத் தேதி, எத்தனை முறை வலை இழுத்தது, என்ன கோளாறு வந்தது என்று நோட்டில் எழுதி, படகு உரிமையாளரிடம் ‘சோதனைக்கு மட்டும், காசு இல்லை, வெளியே காட்ட மாட்டேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு 31-ஆம் பிரிவு 12 மாதச் சலுகை தருகிறது. 2024 விதி அதைக் கேட்பதற்குப் படிவம் 31-ஐக் கொண்டுவந்தது. எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. அரசிதழில் அறிவித்தவற்றுக்கு மட்டும். தொழில்வர்த்தக மையத்தில் ஸ்டால் போடுவதற்கு முதல் நாளாவது தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துவிடுவது இதையெல்லாம்விடப் பாதுகாப்பு.

புதுமை இருந்தாலும் 3(எஃப்) பிரிவு காத்திருக்கும். தெரிந்த கருவிகளைச் சும்மா அடுக்கி மாற்றியதும், ஒவ்வொன்றும் தனித்தனியே தன் பழைய வேலையையே செய்வதும் கண்டுபிடிப்பு ஆகாது. வழுக்கும் கிளட்ச் பழையது, வின்சும் பழையது. இரண்டும் சேர்ந்ததால் தனியாக எதுவும் தராத பலன் என்ன கிடைத்தது என்று அளந்து காட்ட வேண்டும்: எவ்வளவு இழுவிசையில் வழுக்குகிறது, மறுபடி பிடிக்க எவ்வளவு நேரம், உப்புநீரில் எத்தனை மணிநேரம் ஓடியது. இந்த எண்கள் முதலிலேயே விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். ஆட்சேபம் வந்தபின் புதிய விஷயத்தை உள்ளே சேர்க்க முடியாது.

சட்டத்துக்குப் பொருள் கிடைத்தது சென்னை மேசையில்

டெல்லியில் எழுதிய சொல்லுக்கு நடைமுறைப் பொருள் எங்கே கிடைக்கிறது என்பதற்குச் சென்னையே சாட்சி. 2005 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமையைத் திறந்துவிட்டது. கூடவே 3(டி) பிரிவையும் திருத்தி இறுக்கியது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம், மருந்தாற்றல் கூடாதவரை, கண்டுபிடிப்பு ஆகாது என்று அது சொன்னது. ‘மருந்தாற்றல்’ என்றால் என்ன, எவ்வளவு கூட வேண்டும் என்று சட்டத்தில் அளவு இல்லை.

நோவார்டிஸ் நிறுவனம் ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998 ஜூலையில் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. அதற்கு 5 எதிர்ப்புகள் வந்தன. புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பும் அதில் ஒன்று. 2006 ஜனவரி 25-இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை மறுக்கப்பட்டதை உறுதி செய்தது. சட்டம் வந்த ஓராண்டில் ஓர் அதிகாரி எடுத்த நிலை, ஏழு ஆண்டுகள் கழித்து நாட்டின் நிலையானது.

அந்த எதிர்ப்புகள் காப்புரிமை வழங்குவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் கொடுக்கக்கூடியவை. அப்போது கட்டணம் இல்லை. 2024 விதி இங்கேயும் கை வைத்திருக்கிறது. எதிர்ப்புக்குத் தனிநபர், சிறு நிறுவனத்துக்கு 4,000 ரூபாய், மற்றவருக்கு 20,000. எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். ஏற்கத்தக்கதல்ல என்று தோன்றினால் எதிர்த்தவருக்குத் தெரிவித்து, அவர் கேட்டால் விசாரித்து முடிவெடுப்பார். ஏற்கப்பட்டால் விண்ணப்பதாரர் பதில் சொல்லும் காலம் 3 மாதத்திலிருந்து 2 மாதமாகிவிட்டது. ஆளை மாற்றி மாற்றி எதிர்ப்புப் போட்டு வருடக்கணக்கில் கோப்பை இழுப்பது நடந்தது உண்மை. அதைத் தடுக்க ஒரு வாசற்படி தேவைதான். ஆனால் நோயாளிகளின் அமைப்புக்கு ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 4,000 என்றால் அது சிறிய தொகை இல்லை. பொதுநல அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

புதுப்பிப்புக் கட்டணம் மூன்றாம் ஆண்டிலிருந்து. சிறியவர் விகிதத்தில் 3 முதல் 6 வரை ஆண்டுக்கு 800 ரூபாய், 7 முதல் 10 வரை 2,400, 11 முதல் 15 வரை 4,800, 16 முதல் 20 வரை 8,000. இருபது ஆண்டும் வைத்திருந்தால் 76,800. காப்புரிமை ஆறாம் ஆண்டில் கிடைத்தால் அதுவரை சேர்ந்த கட்டணத்தைப் பதிவேட்டில் ஏறிய 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு இதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுக்காவது முன்கூட்டி இணையத்தில் கட்டினால் 10 சதவீதத் தள்ளுபடி என்பது 2024-இன் புதிய சலுகை. கட்டத் தவறி உரிமை காலாவதியானால் 18 மாதத்துக்குள் மீட்கக் கேட்கலாம்.

காப்புரிமையைப் பயன்படுத்துகிறீர்களா என்று படிவம் 27-இல் சொல்ல வேண்டும். முன்பு ஆண்டுதோறும், இப்போது 3 நிதியாண்டுக்கு ஒருமுறை. 2024 ஆகஸ்டில் கிடைத்த காப்புரிமை 2024-25 நிதியாண்டில் விழுகிறது. கணக்கு அடுத்த ஆண்டிலிருந்து: 2025-26, 2026-27, 2027-28. படிவம் கொடுக்கக் கடைசி நாள் 2028 செப்டம்பர் 30. வருமானத்தை எழுதும் கட்டம் புதிய படிவத்தில் இல்லை. பயன்பட்டதா, இல்லையென்றால் ஏன், உரிமம் கொடுக்கத் தயாரா என்பவை இருக்கின்றன.

ஸ்டிக்கரில் என்ன எழுதலாம்

2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் காப்புரிமைச் சட்டத்தின் சில தண்டனைகளை மாற்றியது. அது 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. படிவம் 27-இல் பொய் சொன்னால் சிறை என்பது போய்விட்டது. அபராதத்தை நீதிமன்றத்துக்குப் போகாமல் அலுவலக அதிகாரியே விதிக்கலாம், மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.

1. காப்புரிமை இல்லாத பொருளைக் காப்புரிமை பெற்றது என்று சொல்லி விற்றால் 10 லட்சம் ரூபாய் வரை. தொடர்ந்தால் நாளுக்கு 1,000.
2. கேட்ட தகவலைக் கொடுக்காவிட்டால், படிவம் 27 உள்பட, 1 லட்சம் வரை. தொடர்ந்தால் நாளுக்கு 1,000.
3. பொய்த் தகவல் என்றால் மொத்த விற்பனையில் அரை சதவீதம் அல்லது 5 கோடி, இரண்டில் எது குறைவோ அது வரை.
4. பதிவு பெறாதவர் காப்புரிமை முகவராகத் தொழில் செய்தால் 5 லட்சம் வரை.

முதல் வரி பட்டறைகளுக்கு நேராகப் பொருந்தும். விண்ணப்பம் மட்டும் கொடுத்த நிலையில் ‘பேட்டன்ட் பெற்றது’ என்று பெட்டியில் அச்சடிப்பது வழக்கமாக இருக்கிறது. ‘பேட்டன்டுக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்று எண்ணோடு போடுங்கள். உரிமை காலாவதியான பிறகும் பழைய டையை வைத்து அச்சடித்தாலும் இதே பிரிவில் மாட்டும். நான்காவது வரியால், முகவரை அமர்த்தும் முன் அவர் பெயர் அலுவலகத்தின் முகவர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

நிராகரித்தால் எங்கே போவது

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. கிண்டியில் பதிவான விண்ணப்பத்தில் வந்த உத்தரவுக்கு இப்போது தமிழ்நாட்டவர் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். 2023 ஏப்ரலிலிருந்து அங்கே அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ பார்த்தால் கிண்டியைவிடப் பாரிமுனை பக்கம்தான். மேல்முறையீட்டுக்கு உத்தரவிலிருந்து 3 மாதம். அதே அலுவலகத்தில் மறுஆய்வு கேட்க 1 மாதம்.

இந்த வழி, பதில் கொடுத்து, விசாரணை நடந்து, 15-ஆம் பிரிவில் காரணம் எழுதி நிராகரிக்கப்பட்டவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. 6 மாதத்துக்குள் பதிலே கொடுக்காமல் 21-ஆம் பிரிவின்படி கைவிடப்பட்டதாகிவிட்ட விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு கிடையாது. ரிட் மனு ஒன்றுதான் மிச்சம். அதில் கண்டுபிடிப்பு நல்லதா என்று நீதிமன்றம் பார்க்காது, பதில் ஏன் வரவில்லை என்றுதான் கேட்கும். அரைகுறையாகவேனும், எல்லா ஆட்சேபத்துக்கும் ஒவ்வொரு வரியாவது எழுதி, கெடு நாளுக்கு முன் பதிலைப் பதிவு செய்துவிட்டால் கோப்பு உயிரோடு இருக்கும். திருத்தங்களை விசாரணையில் பேசிக்கொள்ளலாம்.